பதினேழாவது கேள்வி

பர்லிங்டன், வெர்மாண்ட்
1994 ஜூன் 6

அன்புள்ள தம்பி கொன்ராடுக்கு,

நான் நலம். நீயும் இர்மாவும் நலமா? மார்ச் மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை வேளை தவறாமல் சாப்பிடுகிறாயா? என் முழங்கால் பழையபடிதான். காதுதான் இன்னும் கொஞ்சம் போய்விட்டது. போனில் யார் பேசினாலும் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஃப்ரிட்ஜ் கேஸ் பரீட்சைப் புத்தகத்திலிருந்து நீ நகலெடுத்து அனுப்பிய பக்கங்களை மூன்று முறை படித்தேன். இந்தக் கடிதத்தில் ஐந்து விஷயங்கள்:

1. சட்டம் என்ன கேட்கிறது
2. பரீட்சையை எங்கே எழுதுவது
3. ஓசோன் பாடம்
4. பொருந்தாத விடையை ஒதுக்குவது எப்படி
5. உன் உடம்பு

முதலாவது. ஃப்ரிட்ஜ் கேஸைக் காற்றில் விடக்கூடாது என்பது இரண்டு வருஷமாக இருக்கும் சட்டம்தான். புதிது என்னவென்றால், வருகிற நவம்பர் 14 முதல், பரீட்சையில் தேறியவர்களுக்குக் கொடுக்கும் கார்டு இல்லாதவர் கேஸ் உள்ள பாகத்தைத் திறக்கவும் முடியாது, கடையில் கேஸ் வாங்கவும் முடியாது. ஐந்து பவுண்டுக்கு மேல் கேஸ் இல்லாத வீட்டுச் சாதனங்களுக்கு முதல் வகைக் கார்டு போதும். உனக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாவது. மண்டபத்தில் உட்கார்ந்து எழுதினால் நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதித் தபாலிலும் அனுப்பலாம். ஆனால் அதற்கு எண்பத்துநான்கு வேண்டும். இரண்டு பகுதி, பகுதிக்கு இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றிலும் இருபத்தொன்று சரியாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் சிஸ்டர் கடிகாரத்தோடு பக்கத்தில் வந்து நின்றதும் நீ பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாயே, அது எனக்கு நினைவிருக்கிறது. தபாலே மேல் என்று தோன்றுகிறது. தவறாகச் சொல்கிறேனோ என்னவோ.

மூன்றாவதைத் தனித்தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். குளோரின் என்ன செய்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

நான்காவது. இது எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயம். நாற்பது வருஷம் வேதியியல் கேள்வித்தாள் தயாரித்தவன் நான். நான்கு விடைகளில் ஒன்றை எப்போதும் வேடிக்கைக்கென்றே வைப்போம், படிக்காமல் வந்தவன் அதில் போய் விழட்டும் என்று. படித்ததும் சிரிப்பு வரும் விடை எதுவோ அதை முதலில் அடித்துவிடு.

ஐந்தாவது. இருபது பவுண்டுக்கு மேல் தூக்கினால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே வாஷிங் மெஷினும் அடுப்பும் இனி உனக்கு இல்லை. பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தபடி நீ செய்யக்கூடிய ஒரே வேலை ஃப்ரிட்ஜின் கேஸ் வேலை. அந்தக் கார்டு இல்லாமல் போனால் நீ மறுபடி தூக்கப் போவாய். உன்னை எனக்குத் தெரியும்.

இர்மாவுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
ரொசேர்

---

லூயிஸ்டன், மெய்ன்
1994 ஜூன் 20

வாத்தியார் அண்ணனுக்கு,

நான் நல்லா இருக்கேன். இர்மாவும் நல்லா இருக்கா. உன் காதுக்கு ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்கச் சொல்லுங்கன்னு அவதான் சொன்னா. அதோட வர்ற விளக்கப் புத்தகத்தை அவரு படிச்சு முடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும்டின்னேன்.

உன் அஞ்சு விஷயமும் வந்து சேர்ந்துச்சு. அதை இர்மா சமையலறைச் சுவத்துல காலண்டர் பக்கத்துல ஒட்டிட்டா. காப்பி குடிக்கும்போதெல்லாம் நீ நின்னு முறைக்கற மாதிரியே இருக்கு.

மாத்திரை சாப்பிடறேன். தூக்கறதில்ல. போன வாரம் வெலெட் அம்மா கூப்பிட்டாங்க, ரெண்டாவது மாடியிலேர்ந்து வாஷிங் மெஷினை இறக்கணும்னு. பெலாஞ்சே பசங்களைக் கூப்பிட்டுக்கோங்கன்னுட்டேன். சொல்லும்போது காது ரெண்டும் சூடாயிடுச்சு அண்ணா. இந்த ஊர்ல நான் தூக்காத மெஷினே கிடையாது.

மறுநாளே ஃப்ரிட்ஜுன்னு அவங்களே கூப்பிட்டாங்க. கம்ப்ரசர் செத்துப்போச்சு. அது ஓடலன்னா கேஸ் தானா வெளிய வராது, பாதி ஆயிலுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். கேஸ் பிடிக்கற பையை மாட்டிட்டு, கம்ப்ரசரைச் சூடு பண்ணி, என் ரப்பர் சுத்தியலால தட்டிக்கிட்டிருந்தேன். அந்தம்மா ஓடி வந்துட்டாங்க.

"என்னப்பா கொன்ராட், ரிப்பேர் பண்ணுன்னா போட்டு அடிக்கறே?"

"அடிக்கலம்மா, தட்டி எழுப்பறேன். உள்ள ஒளிஞ்சிருக்கான்."

"அப்படியே முன் ரூமுக்கு வந்து என் வீட்டுக்காரரையும் தட்டேன். சனிக்கிழமையிலேர்ந்து சோஃபாவை விட்டு எழுந்திரிக்கல."

கேஸ் விக்கற கடையில ஃபெர்னான் இருக்கான்ல, அவன் சொல்றான்: "நவம்பர் பதினாலு வரைக்கும்தான் நீ என் சிநேகிதன். அதுக்கப்புறம் உன் கார்டுதான் என் சிநேகிதன்." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். ஆனா சொன்னான்.

படிக்க ஆரம்பிச்சுட்டேன். மெதுவாத்தான் போகுது. இங்கிலீஷ்ல எழுதறவனுங்க ஒரு வரியில முடிக்கறதை மூணு வரிக்கு இழுக்கறானுங்க.

உன் முழங்காலைப் பாத்துக்கோ.

கொன்ராட்

---

லூயிஸ்டன்
1994 ஆகஸ்ட் 28

அண்ணனுக்கு,

சுகந்தானே? இங்க இன்னும் புழுக்கம்தான். ஜன்னல் ஏசி வேலை நிறைய. எல்லாம் உட்கார்ந்த வேலைதான், பயப்படாதே.

தாள் ரெண்டும் முடிச்சுட்டேன். முதல் பகுதி சட்டமும் ஓசோனும். நீ வரைஞ்சு அனுப்பின படத்தை வச்சு எழுதிட்டேன், அதுல பயமில்ல. ரெண்டாவது பகுதிதான் நம்ம வேலை சம்பந்தப்பட்டது. எனக்கு நல்லா தெரிஞ்ச வேலையை இங்கிலீஷ்ல கேட்டா தெரியாத மாதிரி ஆயிடுது. பென்சில்ல எழுதின நகலையும் கேள்வித்தாளையும் இதோட வச்சிருக்கேன். தப்பு இருந்தா சிவப்புல போடு. பள்ளிக்கூடப் பசங்களுக்குப் போடுவியே, அப்படியே போடு. அப்புறம் நான் நல்ல தாள்ல எழுதி அனுப்பறேன்.

புத்தகத்தைத் திறந்து வச்சுக்கலாம்னுதானே சொல்லியிருக்கான். சின்ன வயசுலேர்ந்து எனக்கு நீதானே புத்தகம்.

கொன்ராட்

---

பர்லிங்டன்
1994 செப்டம்பர் 7

அன்புள்ள கொன்ராடுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். புத்தகத்தைப் பார்க்கலாம் என்பதில் அண்ணனைப் பார்க்கலாம் என்பதும் அடங்குமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தெளிவில்லை. ஆனாலும் பார்த்துவிட்டேன்.

பெரும்பாலும் எனக்குத் தெரியாத விஷயங்கள். இயந்திரம் பற்றியவற்றை நான் தொடவில்லை, அவற்றில் நீதான் வாத்தியார். ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன்: பதினேழாவது கேள்வி. ஓடாத கம்ப்ரசரின் எண்ணெயில் கரைந்திருக்கும் கேஸை எப்படி வெளியேற்றுவது என்று கேட்டிருக்கிறார்கள். நீ (ஆ) என்று எழுதியிருக்கிறாய்: சூடாக்கி ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். கொன்ராட், நீ வெலெட் அம்மா வீட்டுக் கதையை எழுதியபோது நானும் சிரித்தேன். ஆனால் வேடிக்கை வேறு, பரீட்சை வேறு. சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு சாதனத்தைச் சுத்தியலால் தட்டச் சொல்வார்களா? நான் ஜூனில் சொன்ன வேடிக்கை விடை இதுதான் என்று நினைக்கிறேன். எந்தக் கரைசலும் சமநிலைக்கு வர நேரம் எடுக்கும். ஆகவே (ஈ) சரி: வால்வைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

மற்ற இருபத்துநான்கும் உன் விருப்பப்படி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரொசேர்

---

லூயிஸ்டன்
1994 செப்டம்பர் 18

அண்ணனுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகம். நேத்துத்தான் தபால்ல போட்டேன். இர்மா கவர் மேல சிலுவை போட்டா. தபாலாபீஸ்காரன் இது என்ன புது முத்திரைன்னு கேட்டான்.

பதினேழுல நீ சொன்ன மாதிரியே (ஈ) போட்டுட்டேன். புத்தகத்துல நாப்பத்தொண்ணாம் பக்கத்துல சுத்தியலைப் பத்தி என்னமோ ஒரு வரி இருக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா அது செய்னு சொல்றானா, செய்யாதேன்னு சொல்றானா, எனக்குப் புரியல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ ஒரு பல்பு மாத்தறதுக்கு நாலு தடவை மெயின் சுவிட்சைப் பாக்கற ஆளு. நாலு தடவை பாக்காமயா சிவப்புல போட்டிருப்பே?

ஆறு வாரத்துல பதில் வருமாம். கார்டு பர்ஸ்ல வைக்கற அளவுதானாம். டிரைவிங் லைசென்ஸுக்கு முன்னாடி அதைத்தான் வைக்கப்போறேன்.

கொன்ராட்

---

பர்லிங்டன்
1994 நவம்பர் 10

அன்புள்ள கொன்ராடுக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எல்லோரும் நலம்தானே? இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்தான் என் வாசலையும் சேர்த்து வாரிவிடுகிறார். அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் ஆப்பிள் கொடுத்தேன்.

இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது. கார்டு வந்ததா? ஒரு தபால் அட்டையில் "வந்தது" என்று ஒரே ஒரு சொல் எழுதிப் போட்டாலும் போதும்.

இர்மாவுக்கு என் அன்பு.

ரொசேர்

---

லூயிஸ்டன்
1994 டிசம்பர் 4

அண்ணனுக்கு,

தாமதத்துக்குக் கோவிச்சுக்காதே. நாங்க சுகம். பனி நிறைய. கால்வாய் ஓரம் மட்டும் உறைஞ்சிருக்கு. இர்மா கிறிஸ்துமஸுக்கு இறைச்சிப் பலகாரம் செய்யறதுக்குப் பன்றிக்கறி சொல்லி வச்சிருக்கா. உனக்கு ஒண்ணு பார்சல்ல வரும். போன வருஷம் மாதிரி அளந்து அளந்து பிப்ரவரி வரைக்கும் வச்சுத் தின்னாதே.

ஃபெர்னான் கடைப்பக்கம் இப்ப அவ்வளவா போறதில்ல. பெலாஞ்சே பசங்க மெஷின் இறக்கறேன்னு மாடிப்படிக் கைப்பிடியையே உடைச்சுட்டானுங்க. ஊர்ல எல்லாரும் திட்டறாங்க.

ரப்பர் சுத்தியலை ஆணியில மாட்டிட்டேன்.

அண்ணா, ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவன். ஒரு ஆளு ஒரு வேலையை நாப்பது வருஷமாத் தப்பாவே தெரிஞ்சு வச்சிருக்க முடியுமா? வேலை நடக்குது, மெஷின் ஓடுது, ஆனா அவன் நினைச்சுக்கிட்டிருக்கறது மட்டும் தப்பு. அப்படி இருக்குமா?

சும்மாதான் கேட்டேன். ராத்திரி தூக்கம் வரல, அதான்.

கொன்ராட்

---

பர்லிங்டன்
1994 டிசம்பர் 15

அன்புள்ள கொன்ராடுக்கு,

இறைச்சிப் பலகாரம் வந்து சேர்ந்தது. இர்மாவிடம் சொல், இந்த முறை அளக்கவில்லை.

உன் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். நேர்மையாகச் சொன்னால், முடியும். ஓர் உலோகம் அமிலத்தில் ஏன் கரைகிறது என்பதற்குப் பதினோரு வருஷம் தவறான காரணத்தை நான் பாடமாக நடத்தினேன். சோதனை ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது, விளக்கம் மட்டும் தவறு. ஒரு மாணவி எடுத்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. கைப்பழக்கம் ஒருவனுக்கு விஷயம் தெரியும் என்பதற்குச் சாட்சி ஆகாது. அதனால்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது.

ஆனால் இதை ஏன் கேட்டாய்? கார்டைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. வந்ததா, இல்லையா? உன் பதில் வரும்வரை எனக்கும் தூக்கமில்லை. நீ எதையும் தூக்கவில்லையே?

ரொசேர்

---

லூயிஸ்டன்
1995 ஜனவரி 22

அண்ணனுக்கு,

கார்டு வந்துடுச்சு. பர்ஸ்ல இருக்கு. நிம்மதியாத் தூங்கு.

நீ எழுதினதைப் படிச்சேன். நீ சொன்னது சரிதான்னு படுது.

இங்க நல்ல குளிர். படி ஏறினா மூச்சு வாங்குது, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கு. இர்மா சுகம். உன் காதுக்கு மெஷின் வாங்கிக்கோ. போன்ல உன் குரலைக் கேட்டு நாளாச்சு.

கொன்ராட்

---

லூயிஸ்டன்
1995 மார்ச் 5

அன்புள்ள ரொசேர் அத்தானுக்கு,

வீடு போய்ச் சேர்ந்துட்டீங்களா? அந்தப் பனியில பஸ் பிடிச்சு அவர் அடக்கத்துக்கு வந்தீங்களே, அதை நான் மறக்கமாட்டேன். முழங்கால் இப்ப எப்படி இருக்கு?

இங்க வீடு நிறைய பீன்ஸ் பானையும் கேக்குமாக் கிடக்கு. கோயில்காரங்க கொண்டுவந்து குவிச்சுட்டாங்க. சாப்பிடத்தான் ஆள் இல்ல. வெலெட் அம்மா தினமும் வந்து அழறாங்க. "நான் கூப்பிட்டுத்தானே அந்த மனுஷன் வாஷிங் மெஷினைத் தூக்கிட்டு ரெண்டு மாடி இறங்கினாரு, என் வீட்டுப் படியிலதானே சாஞ்சாரு"ன்னு. நானே அவங்களைத் தேத்த வேண்டியிருக்கு. அவர் நவம்பர்லேர்ந்தே தூக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு அத்தான். எனக்கு இப்பத்தான் தெரியும். என்கிட்ட ஃப்ரிட்ஜ் வேலைன்னு சொல்லிட்டுத்தான் போவாரு.

அடக்கத்தப்ப உங்ககிட்ட சொல்ல மனசு வரல. பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி, கையில ஜெபமாலை சுத்தினதுக்கு அப்புறம், அந்தக் கார்டை எடுத்து அவர் கோட்டுப் பையில வைக்கணும்னு நினைச்சேன். பர்ஸைத் திறந்து பாத்தேன். கார்டு இல்ல. என்னோட பழைய போட்டோவும் லைசென்ஸும்தான் இருந்துச்சு.

போன வாரம் பட்டறையில அவர் டப்பாவைத் திறந்தேன். அடியில ரெண்டு கடிதம். முதல் கடிதம் அக்டோபர் கடைசியில வந்தது. முதல் பகுதி தேர்ச்சி, ரெண்டாவது பகுதியில இருபதுன்னு போட்டிருக்கு. அடுத்தது ஜனவரியில வந்திருக்கு. யாருக்கும் சொல்லாம அதே கேள்விகளுக்கு மறுபடி எழுதியிருக்காரு. அதுல பதினெட்டு. வெறும் நம்பர்தான் இருக்கு, எது தப்புன்னு போடல.

என்கிட்டயும் கார்டு வந்துடுச்சுன்னுதான் சொன்னாரு. அன்னிக்கு நான் கேக் செஞ்சேன். ரெண்டு துண்டு சாப்பிட்டாரு.

எல்லாத்தையும் இதோட பார்சல்ல அனுப்பறேன். புத்தகம், நீங்க சிவப்புல போட்ட தாள், அவர் ரெண்டாவது தடவை எழுதின நகல். உங்க அஞ்சு விஷயமும் சுவத்துலயேதான் இருக்கு. அதை எடுக்க மனசு வரல.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் அத்தான். முப்பத்தெட்டு வருஷமா இந்த ஊர் ஃப்ரிட்ஜெல்லாம் என் வீட்டுக்காரர் கையிலதான் ஓடுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். கடைசி நாள்ல அவரே தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டாரா? அவருக்கு வேலை தெரியுமா, தெரியாதா? நீங்க படிச்சவங்க. பாத்துச் சொல்லுங்க.

இர்மா

---

லூயிஸ்டன்
1995 ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

சுகந்தானே? பார்சல் வந்துச்சா? ஒரு மாசமா உங்ககிட்டேர்ந்து ஒண்ணும் இல்ல. உடம்பு சரியில்லையா? பக்கத்து வீட்டுக்காரரையாவது ஒரு வரி எழுதச் சொல்லுங்க.

பதில் கஷ்டமா இருந்தாலும் பரவாயில்ல. அவருக்குத் தெரியலன்னாலும் சொல்லிடுங்க. தெரியாத ஆளோடதான் சந்தோஷமா இருந்தேன்னு நினைச்சுக்கறேன்.

இர்மா

---

பர்லிங்டன்
1995 ஏப்ரல் 10

அன்புள்ள இர்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலையும் வேண்டிக்கொண்டேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பார்சல் மார்ச் 9ஆம் தேதியே வந்துவிட்டது. விடை எனக்குத் தெரிந்தது 10ஆம் தேதி. இந்த ஒரு மாதமும் அதை எழுதும் தைரியம் வராமல் இருந்தேன். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். பரீட்சை கடினமானது, யார் எழுதினாலும் தோற்றிருப்பார்கள் என்று அவற்றில் எழுதியிருந்தேன். அது பொய்.

பார்த்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரிக்குப் பக்கத்தில் கொன்ராட் பென்சிலால் கோடு போட்டிருக்கிறான். கம்ப்ரசர் ஓடாதபோது அதைச் சூடாக்கி, ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும், அப்போதுதான் எண்ணெயில் இருக்கும் கேஸ் வெளியே வரும் என்று அதில் இருக்கிறது. அந்த வரி செய்யத்தான் சொல்கிறது.

பிறகு அவன் முதலில் பென்சிலால் எழுதிய இருபத்தைந்து விடைகளையும், நான் சிவப்பு மையைத் தொடுவதற்கு முன் இருந்தபடியே, புத்தகத்தோடு ஒப்பிட்டேன். நான்கு முறை ஒப்பிட்டேன். இருபத்தொன்று சரி. தேர்ச்சிக்கு வேண்டியது இருபத்தொன்றுதான். அவன் எழுதியதை எழுதியபடியே அனுப்பியிருந்தால் நவம்பரில் கார்டு அவன் பர்ஸில் இருந்திருக்கும். நான் ஒன்றை மாற்றினேன். அதனால் இருபது ஆயிற்று.

இரண்டாவது நகலையும் பார்த்தேன். எது தவறு என்று அவர்கள் சொல்லாததால் தன் விடைகளில்தான் தவறு இருக்கும் என்று நினைத்திருக்கிறான். சரியாக எழுதியிருந்த இரண்டை அழித்துத் தவறாக மாற்றியிருக்கிறான். அழித்த இடத்தில் தாள் மெலிந்துபோயிருக்கிறது. பதினேழாவது கேள்வியில் மட்டும் கை வைக்கவில்லை. அது நான் சொன்ன விடை. அதை மை போட்டு, இரண்டு முறை அழுத்தி எழுதியிருக்கிறான்.

டிசம்பரில் அவன் என்னை ஒன்று கேட்டான், நாற்பது வருஷம் ஒருவன் தவறாகவே தெரிந்து வைத்திருக்க முடியுமா என்று. முடியும் என்று எழுதினேன். அவன் தன்னைப் பற்றித்தான் கேட்கிறான் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. செப்டம்பரில் அவன் அந்த வரியைப் பற்றி எழுதியதுமே எனக்குப் பயம் வந்தது. பக்கத்தை நகலெடுத்து அனுப்பு என்று அன்றே ஒரு கடிதம் எழுதினேன். எழுதி மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டேன். தவறு என்னுடையதாக இருந்துவிடுமோ என்ற பயம்தான். அந்தக் கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். தபால்தலை ஒட்டியே இருக்கிறது.

நான் வேதியியல் நடத்தியவன். ஒவ்வொரு செப்டம்பரிலும் வகுப்பில் ஒரு சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்து காட்டுவேன். முன் வரிசைப் பிள்ளைகள் நனைந்துபோய்ச் சிரிப்பார்கள். திரவத்தில் கரைந்திருக்கும் வாயு அசைத்தால் வெளியே வரும், இதுதான் பாடம். அதைத்தான் கொன்ராட் வெலெட் அம்மா வீட்டில் சுத்தியலால் செய்துகொண்டிருந்தான். என் பாடமே என் கண்முன் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பார்க்க வேடிக்கையாக இருந்ததால் அடித்துவிட்டேன்.

வெலெட் அம்மாவிடம் சொல்லுங்கள், கூப்பிட்டது அவர் குற்றம் இல்லை. வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு என் பதில்: அவனுக்கு வேலை தெரியும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதிலுமே சந்தேகப்படுகிற நான் இதைச் சந்தேகமில்லாமல் சொல்கிறேன்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளை எடுக்க மனமில்லை என்று எழுதியிருந்தீர்கள். எடுக்க வேண்டாம். ஒரு சிவப்புப் பேனா எடுத்து ஒரு வரியின் மேல் கோடு போட்டுவிடுங்கள், அதைப் பார்த்து இன்னொருவர் படித்துவிடக் கூடாது. அந்த ஐந்தில் நான்காவது தவறு.

ரொசேர்